வழிகாட்டுவது பாடசாலையா, வர்த்தமானியா?

இலங்கை அரசாங்கத்தின் வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. அதன் முதலாம் பகுதியில் பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் இருக்கும். முன்பெல்லாம் அதைப் பார்க்க நூலகத்துக்கோ கச்சேரிக்கோ போகவேண்டும். இப்போது வட்ஸ்அப் குழுக்களில் தானாக வந்து விழுகிறது. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர், பட்டம் பெற்றபின் ரியூசன் கொடுத்துக் காலம் ஓட்டுபவர், இரண்டு பிள்ளை பெற்றும் வயதெல்லை இன்னும் தாண்டவில்லையே என்று விரல் மடித்துப் பார்ப்பவர் என்று எல்லாரும் அதைத் திறக்கிறார்கள். ஏ4 தாள், பதிவுத் தபால், கடித உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயர். மட்டக்களப்புப் பட்டணத்தின் புளியந்தீவில் ஒரு வீட்டில் வேறு எது தெரியாவிட்டாலும், இந்த மேல் மூலையைப் பற்றித் தெரிந்த ஒருவராவது இருப்பார்.

அதே வீட்டுப் பத்தாம் தரப் பிள்ளையிடம் தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டம் என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். தகப்பனிடமும் கேளுங்கள். அநேகமாகப் பதில் வராது. 'என்விகியூ' என்று சொன்னால், "அது படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குத்தானே" என்பார்கள். அந்தச் சான்றிதழ் முறை நாட்டில் நடைமுறைக்கு வந்து இருபது வருடம் கடந்துவிட்டது.

அறிவுக்குப் பஞ்சமான தீவும் இல்லை இது. 1814இல் வந்திறங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி இங்கே இருக்கிறது. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி இங்கே இருக்கிறது. வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை, புனித சிசிலியா பெண்கள் கல்லூரி என்று கூப்பிடு தூரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம். வாவி சூழ்ந்த இந்தச் சின்னத் தீவு பெற்றெடுத்த வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் கணக்கெடுத்தால் பட்டியல் நீளும். மற்றப் பிள்ளைகளுக்கு என்ன வழி என்ற கேள்விக்குத்தான் இங்கே பட்டியல் இல்லை.

பாடசாலைத் தொழில் வழிகாட்டல் என்பது இலங்கையில் புதிய கொள்கையும் இல்லை, கைவிடப்பட்ட கொள்கையும் இல்லை. ஐம்பது வருடமாக அது ஆணைக்குழு அறிக்கைகளிலும் சுற்றறிக்கைகளிலும் உயிரோடு இருக்கிறது. 2025இல் பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய முன்வைத்த சீர்திருத்தத்திலும் தொழிற்கல்விக்கு உரிய மதிப்பு என்ற பேச்சு மறுபடி வந்தது. 2026இல் நடைமுறைக்கு வரவிருந்த 6ஆம் தர மாற்றம், ஆங்கிலப் பாட மொடியூல் ஒன்றைச் சுற்றி எழுந்த சர்ச்சையால் 2027க்குத் தள்ளிப்போனது. நாடு முழுக்க அந்தச் சர்ச்சையைப் பற்றிப் பேசியது. தொழிற்கல்விப் பகுதியைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

பாடசாலைக்குள் அரசாங்கம் சொல்லும் புத்திமதி ஒன்று. பாடசாலைக்கு வெளியே அது கொடுக்கும் வேலை சொல்லும் புத்திமதி வேறொன்று. பிள்ளைகள் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதில் அவர்களுக்குப் புத்திக் குறைவு ஏதும் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

கிளர்ச்சி வந்தால் வழிகாட்டல் வரும்

1971 ஏப்ரலில் தெற்கில் ஆயுதம் தூக்கியவர்களில் பெரும்பகுதி படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த கிராமத்து இளைஞர்கள். அதே ஆண்டு சர்வதேச தொழில் தாபனத்தின் குழுவொன்று, பிரித்தானியப் பொருளியலாளர் டட்லி சியர்ஸ் தலைமையில், இலங்கையின் வேலையின்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. இருக்கும் வேலைகளும் படித்தவர்களின் எதிர்பார்ப்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே அதன் மையம்.

அடுத்த வருடமே மாற்றம் வந்தது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், அமைச்சின் செயலாளர் பிரேமதாச உடகம ஆகியோரின் காலத்தில், 1972 சீர்திருத்தம் 'தொழில் முன்னிலைப் பாடங்களை'ப் பாடசாலைக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றாடலில் உள்ள தொழில் ஒன்றை எடுத்துக் கற்பிக்க வேண்டும். மட்பாண்டம், நெசவு, மீன்பிடி, தென்னை, நெல் என்று ஊருக்கு ஊர் மாறும். பழைய சாதாரண தரப் பரீட்சையின் இடத்தில் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் வந்தது. உலகில் பல நாடுகள் அப்போது யோசித்துக்கூடப் பார்க்காத துணிச்சல் அது. காகிதத்தில் இன்று வாசித்தாலும் குறை சொல்ல மனம் வராது. முப்பது மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியைப் பாடசாலையின் ஆய்வுகூடமாக்க வேறு எந்தத் திட்டம் அனுமதி தந்தது?

ஆனால் தமிழ்ப் பெற்றோரின் காதில் அது வேறு விதமாக விழுந்தது. அதே அரசாங்கத்தின் அதே அமைச்சர் காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. தமிழ்மொழி மூலம் எழுதிய பிள்ளை, சிங்கள மொழி மூலம் எழுதிய பிள்ளையைவிடக் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் பொறியியல் பீடத்துக்கோ மருத்துவ பீடத்துக்கோ போகலாம் என்ற நிலை. ஒரு கதவை மூடிக்கொண்டே மறுகையால் களிமண்ணை நீட்டுகிறார்கள் என்று ஒரு தகப்பன் நினைத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு மட்டக்களப்புக்கு நன்மையே செய்தது. யாழ்ப்பாணத்தின் கணக்கும் மட்டக்களப்பின் கணக்கும் அந்த விடயத்தில் ஒன்றல்ல. ஆனாலும் கசப்பு பொதுவாகவே தங்கிவிட்டது. 1977 பொதுத்தேர்தலில் பதியுதீன் மஹ்மூத் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்த மட்டக்களப்பிலேயே போட்டியிட்டுத் தோற்றார். ஆட்சி மாறியது. தொழில் முன்னிலைப் பாடங்கள் போயின, பழைய பரீட்சை திரும்பி வந்தது.

புத்திமதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைச் சொல்பவர் மற்றக் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று மக்கள் பார்ப்பார்கள். 1972இலிருந்து எடுக்கவேண்டிய பாடம் அது. அதை அடுத்து வந்த எந்தக் கொள்கை வகுப்பாளரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது அலையும் கிளர்ச்சிக்குப் பிறகே வந்தது. 1987 முதல் 1989 வரை தெற்கு எரிந்தது. இளைஞர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு பிறந்தது. 1991இல் தேசிய கல்வி ஆணைக்குழு. கொழும்பில் இந்தச் சட்டங்கள் எழுதப்பட்ட 1990இல் மட்டக்களப்பில் என்ன நடந்தது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்தது. செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. அவர்களில் பலர் இளைஞர்கள். தெற்கின் இளைஞருக்குச் சட்டம் வந்த வருடத்தில் கிழக்கின் இளைஞருக்கு வந்தது அது.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2004 அளவில் ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறை. 2008இல் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கான சட்டம். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. 2017இல் 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி. கடைசியாகச் சொன்னதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் 12ஆம், 13ஆம் தரங்களில் தொழிற்பிரிவில் தொடரலாம் என்றது அது. முதற்கட்டமாக 42 பாடசாலைகள். தெரிவுசெய்ய 26 தொழிற்பாடங்கள். உணவு பதனிடல், மோட்டார் வாகனம், சுற்றுலா விருந்தோம்பல், நீர்வாழ் உயிரின வளம் என்று மட்டக்களப்புக்கே அளந்து தைத்ததுபோல் பலவும் அதில் உண்டு. பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பாடசாலை வாசலுக்கு வெளியே விடமாட்டோம் என்று இலங்கை அரசு முதல் தடவையாகச் சொன்ன கொள்கை அது. ஊரில் எத்தனை பெற்றோருக்கு அது தெரியும் என்று கேட்டால், மறுபடி அந்த மௌனம்தான்.

ஒன்பதாம் தரத்தில் எழுதப்படும் தலையெழுத்து

தொழில் வழிகாட்டல் என்றதும் ஒரு மேசை, ஒரு ஆலோசகர், எதிரே ஒரு பிள்ளை என்ற காட்சியே அதிகாரிகளின் மனதில் வருகிறது. உண்மையில் ஒரு பிள்ளையின் தொழில் தீர்மானமாகும் இடம் அந்த மேசை இல்லை. ஒன்பதாம் தரத்தின் கடைசித் தவணையில், சாதாரண தரத்துக்கான தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்யும் நாளில், கால்வாசி தீர்ந்துவிடுகிறது. மீதி, பாடசாலை எந்த வகை என்பதில் தீர்கிறது.

இலங்கையில் பாடசாலைகளுக்கு வகை உண்டு. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இருக்கும். 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 என்றால் சாதாரண தரத்தோடு முடிந்தது, வகை 3 ஆரம்பப் பாடசாலை. நாட்டில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் ஆயிரம் அளவிலானவையே 1ஏபி. புளியந்தீவில் பிறந்த பிள்ளைக்கு 1ஏபி பாடசாலை நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவிலோ கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலோ வெல்லாவெளியின் உட்புறத்திலோ பிறந்த பிள்ளைக்கு அப்படிக் கிடைப்பதில்லை. அங்கே பல ஊர்களில் இருப்பது 1சி அல்லது வகை 2.

இதைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்ப்போம். படுவான்கரைப் பிள்ளை ஒன்று சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் நல்ல சித்தி எடுக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வாவியைக் கடந்து பட்டணத்துக்கு வரவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் பாதைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது பாலம் இருக்கிறது, பஸ்தான் கணக்கு. பாடசாலை முடிந்து ரியூட்டரி வகுப்பு ஆறு மணிக்கு விடும். கடைசி பஸ்ஸைப் பிடித்து இறங்கி, தோட்ட வழியாலும் வயல் வரம்பாலும் நடந்து வீடு சேர இருட்டிவிடும். யானை வரும் பருவம் என்றால் அந்த நடையும் இல்லை. பட்டணத்தில் தங்க உறவினர் வீடு வேண்டும், விடுதிக்குக் காசு வேண்டும். பெண்பிள்ளை என்றால் தாயின் பயம் தனி. கடைசியில் அந்தப் பிள்ளை ஊர்ப் பாடசாலையிலேயே கலைப்பிரிவில் சேர்கிறது. தமிழ், இந்துநாகரிகம், புவியியல்.

தமிழும் இந்துநாகரிகமும் கெட்ட பாடங்கள் என்று யாரும் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பிள்ளை அவற்றைத் தெரிவு செய்யவில்லை. பஸ் நேரசூசி தெரிவு செய்தது. இப்படி முடிவானபின், "உனது விருப்பமும் ஆற்றலும் எந்தத் துறையில்?" என்று ஒரு வழிகாட்டல் படிவம் கேட்டால், அந்தப் படிவம் யாரை ஏமாற்றுகிறது?

பட்டணத்திலும் வேறு விதமாக இது நடக்கிறது. சாதாரண தரத்தில் நீருயிரின வளத் தொழினுட்பவியல் என்று ஒரு பாடமே இருக்கிறது. வாவியின் நடுவே உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. ஆனால் தகவல் தொழினுட்பத்துக்கும் வர்த்தகத்துக்கும் ஆசிரியர் இருந்தால் அவையே நேரசூசியில் இடம்பிடிக்கும். பிள்ளை பாடத்தைத் தெரிவு செய்கிறது என்பது ஒரு பேச்சுக்குத்தான். இருக்கும் ஆசிரியரைத் தெரிவு செய்கிறது என்பதே நடைமுறை.

6 முதல் 9ஆம் தரம் வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் உண்டு. அதில் எத்தனை பாடவேளை உண்மையில் செயன்முறைக்குப் போகிறது, எத்தனை கணித மீட்டலுக்குப் போகிறது என்பதை அதிபர்கள் தங்கள் மனச்சாட்சியைக் கேட்டுச் சொல்லட்டும்.

ஆலோசனை அறை

வழிகாட்டலுக்கும் ஆலோசனைக்கும் பொறுப்பான ஆசிரியர் பல பாடசாலைகளில் இருக்கிறார். பெரும்பாலும் ஒருவர். அவர் அழும் பிள்ளையையும் பார்க்க வேண்டும், காதல் கடிதம் பிடிபட்ட பிள்ளையையும் பார்க்க வேண்டும், வீட்டில் அடிவாங்கி வரும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். யுத்தம், 2004 சுனாமி, அதன்பின் கடன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடிபட்ட மாவட்டம் இது. அந்த வேலையே ஒருவருக்கு அதிகம். அதற்கு மேல் ஒரு ஆசிரியர் லீவு என்றால் அவருடைய வகுப்புக்கும் இவரே போவார். தொழில் வழிகாட்டல் என்பது இவரின் பொறுப்புப் பட்டியலில் கடைசி வரி.

வருடத்துக்கு ஒரு நாள் மண்டபத்தில் தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு நடக்கும். பெனர் கட்டுவார்கள், மங்கள விளக்கேற்றுவார்கள், அதிதிகள் பேசுவார்கள். பிறகு தனியார் கம்பஸ்காரர் ஒருவர் பளபளக்கும் துண்டுப்பிரசுரத்தோடு வருவார். லண்டன் பட்டம், தவணைக் கட்டணம், உடனே பதிந்தால் கழிவு. அரசாங்கத்தின் இலவசப் பயிற்சிகளைப் பற்றிப் பேச வந்த உத்தியோகத்தர் கறுப்பு வெள்ளைப் போட்டோப் பிரதியோடு ஓரத்தில் நிற்பார். எந்தத் தாள் வீட்டுக்குப் போகும்? இதைத் தவறு என்று தனியாரைத் திட்டிப் பயனில்லை. அரசாங்கம் தன் சரக்கை விற்கத் தெரியாமல் இருக்கிறது.

அந்தச் சரக்கு குறைவானதும் இல்லை. மஞ்சந்தொடுவாயில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கோவில்குளத்தில் உயர் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பயிற்சி நடத்துகின்றன. பிரதேச செயலகங்களில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இத்தனையும் வேறு வேறு திணைக்களம், வேறு வேறு படிவம். தேசிய பாடசாலை மத்திய அரசின் கீழ், மாகாணப் பாடசாலை மாகாணத்தின் கீழ், பயிற்சி நிலையங்கள் இன்னொரு பக்கம். ஒரு பிள்ளையைப் பற்றிய தகவல் பாடசாலையிலிருந்து பயிற்சி நிலையத்துக்குப் போகும் வழி ஒன்றுகூட இல்லை. சாதாரண தரம் எழுதி முடித்துப் பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில், பிள்ளை யாருடைய பொறுப்பிலும் இல்லை. கடைக்குப் போகும், மேசன் வேலைக்குக் கையாளாகப் போகும், போனைப் பார்த்துக்கொண்டு இருக்கும். வழிகாட்டலுக்கு இதைவிடத் தோதான காலம் ஒரு மனிதரின் வாழ்க்கையில் வராது. அந்த மாதங்களில் பாடசாலையின் கதவு மூடியிருக்கிறது.

காந்தி பூங்காவில் சொல்லப்பட்ட புத்திமதி

2017 பெப்ரவரியில் மட்டக்களப்பில் வேலையற்ற பட்டதாரிகள் காந்தி பூங்காவில் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் இருந்தார்கள். அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்தார்கள். பட்டம் முடித்தாலும் தெருவில்தான் என்ற பாடம் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. ஏனென்றால் 2020இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளுக்கு நாடு முழுவதும் பயிலுநர் நியமனம் வந்தது. அதற்கு முன்பும் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் தொகுதி தொகுதியாக நியமனங்கள் வந்திருந்தன. கதிரைக்கும் மேசைக்கும் தட்டுப்பாடான அலுவலகங்களுக்குக்கூட ஆள் வந்தது.

பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சரியான முடிவுக்கு வந்தார்கள். எந்தப் பட்டமானாலும் பரவாயில்லை, பொறுமையாக இரு, வீதியில் இரு, ஒருநாள் நியமனக் கடிதம் வரும், ஓய்வூதியத்தோடு வரும். அரசாங்கம் கொடுத்த தொழில் வழிகாட்டல் அதுதான். மற்றதெல்லாம் பெனர்.

இதில் சீதனக் கணக்கும் இருக்கிறது, மறைப்பானேன். பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்யும் மட்டக்களப்பில், அந்த வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை கவர்மென்ட் உத்தியோகத்தர் என்றால் ஒரு மதிப்பு, குளிரூட்டி திருத்தும் தொழில் செய்து அவரைவிட இரண்டு மடங்கு உழைப்பவர் என்றால் வேறு மதிப்பு. இதை ஆலோசகர் ஒருவரின் அரைமணி நேரப் பேச்சு மாற்றாது. தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு அரச பதவிகளிலும் சம்பளத் திட்டத்திலும் உரிய இடம் கிடைத்தால் மாறும். வர்த்தமானியில் அது பதவிக்குப் பதவி தெரிய வேண்டும். கலியாணத் தரகருக்குத் தேசிய கொள்கை புரியாது. சம்பளக் குறியீடு நன்றாகப் புரியும்.

2022 நெருக்கடி ஒரு உண்மையைக் காட்டியது. அந்த ஒரே வருடத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் பதிவுசெய்து நாட்டை விட்டுப் போனார்கள். சான்றிதழோடு போகும் மின்னிணைப்பாளருக்கும் சான்றிதழ் இல்லாமல் போகும் கையாளுக்கும் சம்பளம் ஒன்றல்ல என்று கட்டாருக்கும் சவூதிக்கும் போனவர்கள் வீட்டுக்கு எழுதினார்கள். வருடக்கணக்காக மேசன் வேலை செய்தவர், பயிற்சி வகுப்புக்குப் போகாமலே, தன் அனுபவத்தைப் பரீட்சித்துக் காட்டித் தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் இந்த வழி சட்டப்படி திறந்தே இருக்கிறது. அதைப் பலர் கேள்விப்பட்டதே வெளிநாட்டு முகவர் வாயால். பாடசாலை சொல்லியிருக்க வேண்டிய விடயம்.

மற்ற இடங்களில்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொழில் வழிகாட்டலைப் பாடசாலைகளின் கடமையாக்கியது. 2012 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கான தனிப் பணத்தைக் கொடுக்கவில்லை. 2013 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றக் கல்விக் குழு, இந்த முடிவு வருந்தத்தக்கது, சேவையின் தரம் இறங்கிவிட்டது என்று வெளிப்படையாகவே எழுதியது. அடுத்த வருடம் கட்ஸ்பி அறக்கட்டளை எட்டு அளவுகோல்களை வகுத்த பிறகுதான், நல்ல வழிகாட்டல் என்றால் என்ன என்பதற்கு அங்கே ஒரு பொது வரையறை வந்தது. பிள்ளை நேரில் வேலைத்தலத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் அந்த எட்டில் ஒன்று. கடமையைப் பாடசாலையின் தலையில் வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்ளும் பழக்கம் பணக்கார நாட்டுக்கும் உண்டு என்பதில் நமக்கு ஒரு அற்ப ஆறுதல்.

தமிழ்நாடு 2022 மார்ச் 1ஆம் திகதி 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்த நுழைவுத் தேர்வு என்பதைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சொல்லும் ஏற்பாடு அதில் உண்டு. முதலமைச்சரின் பெயர் சுவரொட்டியில் பெரிதாக இருப்பதை விடுங்கள். மொழியில் நமக்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடநூல்களும் வீடியோக்களும் அங்கே தமிழில் உருவாகியிருக்கின்றன. மட்டக்களப்புப் பாடசாலைகளில் எவரும் அவற்றைப் பயன்படுத்துவதாகக் காணோம்.

நமது ஊரில் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் சொல்லிக்கொடுத்த அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபேர்ட் அடிகளாரை மூத்தவர்கள் மறக்கவில்லை. அவர் தன் பிற்காலத்தைச் செலவிட்டது கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தில், பரீட்சை கைவிட்ட பையன்களுக்குக் கைத்தொழில் பழக்குவதில். தமிழ், முஸ்லிம் என்று பார்க்கவில்லை. 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த இளைஞர் ஒருவரோடு, காணாமற் போனார். சொத்து சேர்க்காத ஒரு பாதிரியார் இந்த ஊரின் இளைஞர்களுக்குப் பட்டறைதான் தேவை என்று முடிவுசெய்தார் என்பதை நம் கல்வி அதிகாரிகள் கொஞ்சம் யோசிக்கலாம்.

சுவாமி விபுலானந்தரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முத்தமிழ் வித்தகர், யாழ் நூல் தந்தவர், தமிழ்ப் பேராசிரியர் என்று ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் அவர் இருக்கிறார். புனித மிக்கேலில் படித்த மயில்வாகனன், கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர் என்ற செய்தி அந்தச் சுவர்களில் காணக் கிடைப்பதில்லை. தொழில்நுட்பக் கல்லூரி என்றால் முகம் சுளிக்கும் பெற்றோருக்கு எந்தக் கருத்தரங்கையும்விட அந்த ஒரு வரி வேலை செய்யும். செலவும் இல்லை.

என்ன செய்யலாம்

கல்வி அமைச்சுக்குச் சொல்ல அதிகம் இல்லை. வழிகாட்டல் ஆசிரியரை வேறு வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும், அதை வலயக் கல்விப் பணிமனை மதித்தால். ஒன்பதாம் தரப் பாடத் தெரிவுக்கு முன்னர் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பட்டறையையோ ஒரு வயல் ஆராய்ச்சி நிலையத்தையோ ஒரு இறால் பண்ணையையோ ஒரு முறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். படுவான்கரைப் பிள்ளைக்கு மாலை ஏழு மணிக்கு ஒரு பஸ் விடுவது போக்குவரத்துச் சபையின் வேலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது தொழில் வழிகாட்டலின் முதல் அத்தியாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுநிர்வாக அமைச்சு ஆட்சேர்ப்புத் திட்டங்களைத் திருத்தாதவரை கல்வி அமைச்சு எத்தனை கொள்கை எழுதினாலும் வர்த்தமானிதான் வெல்லும்.

அதுவரை பெற்றோருக்கு. இந்த வருடம் சாதாரண தரம் எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பரீட்சை முடிந்த வாரமே உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்டுப் பிடியுங்கள். உயர்தரத் தொழிற்பிரிவு அருகில் எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று கேளுங்கள். அதில் சேரச் சாதாரண தரச் சித்தி கட்டாயம் இல்லை. தனியார் நிலையம் ஒன்றில் காசு கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிலையம் பதிவுசெய்யப்பட்டிருக்கிறதா? கடைசியில் கையில் கிடைக்கும் சான்றிதழ் தேசிய தொழிற்தகைமையில் எத்தனையாம் மட்டம்? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் துண்டுப்பிரசுரத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.